முதல் ஓனர்

தருமபுரி பக்கம் ஒரு வீட்டு வாசலில் முதல்முறையாகப் புதுக் கார் வந்து நின்றால் ஊர் ரெண்டு கேள்வி கேட்கும். "எவ்ளோ ஆச்சு?" என்பது முதலாவது. "இப்ப எதுக்கு இது?" என்பது ரெண்டாவது. முதல் கேள்விக்கு ஒரு தொகையைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ரெண்டாவது கேள்வியிடமிருந்து அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது. அப்பாவுக்கு முட்டி வலி, பஸ் ஏற முடியவில்லை. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வாரம் ஒருமுறை பெங்களூரிலிருந்து வந்துபோக வேண்டியிருக்கிறது. பேங்கில் லோன் ஈசியாகக் கிடைத்தது. இப்படி ஒவ்வொரு காரணமாக எடுத்து வைக்க வேண்டும். எல்லாமே உண்மையான காரணங்களாகவும் இருக்கும். "ஆசையா இருந்துச்சு, வாங்கினேன்" என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

இந்த ரெண்டாவது கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? மூன்று தலைமுறையாகக் கார் ஓட்டும் குடும்பத்தில் நாலாவது கார் வந்தால் யாரும் "எதுக்கு?" என்பதில்லை. "எந்த மாடல்?" என்பார்கள். அங்கே ஆசைக்குக் காரணம் தேவையில்லை. முதல்முறை வாங்குகிறவர்தான் தன் ஆசையைத் தேவை என்று நிரூபித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. ஆசைப்படுவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டியவர் யார்? அந்த அனுமதியைக் கொடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர் யார்? ஒரு புதுக் காரை முன்னால் வைத்துக்கொண்டு இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

முதலில் எதிர்த்தரப்பை நியாயமாகப் பேசவிடுவோம். கணக்குப்படி பார்த்தால் புதுக் கார் நஷ்டம்தான். ஷோரூம் வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்கியதும் அது பழைய வண்டி. அடுத்த வாரமே விற்கப் போனாலும் போட்ட பணம் வராது. விளம்பரத்தில் நாம் பார்ப்பது எக்ஸ்-ஷோரூம் விலை. அதன்மேல் ஆயுள் வரி, இன்சூரன்ஸ், பதிவுக் கட்டணம், ஃபாஸ்டேக், "எல்லாரும் போடறதுதான் சார்" என்று சேர்த்துவிடப்படும் சீட் கவர், மேட், கோட்டிங் எல்லாம் ஏறி ஆன்-ரோடு விலையாகிறது. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று வருஷத்துக்கும் சேர்த்து முதலிலேயே எடுத்தாக வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான். ஆனால் லோன் போட்டு வாங்குகிறவருக்கு ஏழு வருஷ வட்டி என்று ஒன்று இருக்கிறதே, அது குறைந்த வரியைச் சத்தமில்லாமல் சாப்பிட்டுவிடும். நாலைந்து வருஷம் ஓடிய, ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட வண்டி நன்றாகவே குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. அதிலும் அதே ரோட்டில்தான் போகப் போகிறோம். மழை வந்தால் அதே மாதிரி நனையாமல்தான் இருக்கப் போகிறோம்.

பென்னாகரம் பக்கத்தில் இருக்கும் என் பெரியம்மா மகனிடம் இந்தக் கணக்கு முழுவதையும் நான் ஒப்பித்திருக்கிறேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறார். வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் இடம் கிடைக்காமல் ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி தருமபுரிவரை நின்றுகொண்டே வந்து பழகியவர். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நீ சொல்றது கரெக்ட்டுதான்டா. செகண்ட்ஸ் எடுத்தாதான் லாபம். ஆனா எனக்கு இதுவரைக்கும் வந்தது எல்லாமே செகண்ட்ஸ்தான். பெரியவன் போட்டுச் சின்னதா போன சட்டை, அவன் கிறுக்கி வெச்ச கைடு, மாமா ஓட்டித் தேஞ்ச பைக்கு. ஆர்சியில ஓனர் நம்பர்னு ஒண்ணு இருக்கும், பாத்திருக்கியா? என் பைக்குல அது மூணு. இந்த ஒரு தடவ ஒண்ணுன்னு இருக்கட்டும்."

என் கணக்கை அவர் மறுக்கவில்லை. கணக்கில் இடமில்லாத ஒன்றைச் சொன்னார்.

அடுத்தவர் பயன்படுத்திய பொருளை வாங்குவதில் எந்த இழிவும் கிடையாது. பூமிக்கும் பர்சுக்கும் அது நல்லது. ஆனால் ஒரு வாழ்க்கையில் வருகிற எல்லாமே இன்னொருவர் முடித்துவிட்டுத் தந்தவையாக இருந்தால், அந்தப் பொருள்கள் ஒரு பாடத்தையும் சேர்த்துச் சொல்லித்தருகின்றன. 'உன் முறை எப்போதும் பிறகுதான்.' பணக்காரர் ஒருவர் பதினைந்து வருஷத்துப் பழைய காரை ஓட்டினால் அதை எளிமை என்கிறோம். அதே காரை ஏழை ஒருவர் ஓட்டினால் அவ்வளவுதான் அவரால் முடியும் என்கிறோம். வண்டி ஒன்றுதான். ஒருவருக்கு வேண்டாம் என்று சொல்ல வழியிருந்தது, இன்னொருவருக்கு இல்லை. எளிமை ஓர் அறமாக வேண்டுமானால் மறுப்பதற்கு முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். கிடைக்காத ஒன்றைத் துறந்துவிட்டதாக யாரும் பெருமைப்பட முடியாது. அப்படிப்பட்டவரிடம் போய் எளிமையின் பெருமையைப் பேசுவது அடுத்தவர் செலவில் நாம் செய்யும் தவம்.

ஆடம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட நூலில் ஒரு சட்டையைப் பற்றிப் பேசுகிறார். லினன் சட்டை உயிர் வாழ அவசியமில்லை. பழைய கிரேக்கர்களும் ரோமானியர்களும் அது இல்லாமல் சௌகரியமாகத்தான் வாழ்ந்தார்கள். ஆனால் தன் காலத்து ஐரோப்பாவில் ஒரு கூலித்தொழிலாளி லினன் சட்டை இல்லாமல் நாலு பேர் முன்னால் வரக் கூசுவான், எனவே அதுவும் அத்தியாவசியப் பொருள்தான் என்கிறார். தேவை என்பதன் பொருளையே இது மாற்றிவிடுகிறது. வயிற்றுக்கும் முதுகுக்கும் வேண்டியது மட்டுமே தேவை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கூச்சமில்லாமல் நாலு பேர் நடுவில் நிற்பதற்கு வேண்டியதும் தேவைதான். பின்னாளில் அமர்த்திய சென் வறுமையைப் பற்றி எழுதும்போது இந்தச் சட்டையைத் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

நம் நாட்டில் இதை ஒரு கார் கம்பெனி பெரிய விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 2008 ஜனவரி 10 அன்று டெல்லியில் ரத்தன் டாடா நானோவை அறிமுகப்படுத்தினார். ஒரு குடும்பமே மழையில் ஒரே ஸ்கூட்டரில் நெருக்கியடித்துப் போவதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்றார். ஒரு லட்சம் ரூபாய்க்குக் கார். தேவை என்று பார்த்தால் அதைவிடக் கச்சிதமான பதில் இருக்க முடியாது. ஆனால் மக்கள் எதிர்பார்த்த அளவு வாங்கவில்லை. சுமார் பத்து வருஷத்தில் உற்பத்தியும் நின்றது. உலகத்திலேயே மலிவான கார் என்ற பெயர் அதன்மேல் ஒட்டியது தப்பாகிவிட்டது என்று டாடாவே பின்னர் சொன்னார். மழைக்கு ஒதுங்க மட்டும் யாரும் கார் வாங்குவதில்லை. இவனால் இதுதான் முடிந்தது என்று ஊருக்குச் சொல்லும் ஒரு வண்டியைத் தன் வாசலில் நிறுத்த, முதல் கார் வாங்குகிறவருக்கு மனசு வரவில்லை. இதை வெட்டிப் பெருமை என்று ஒதுக்கலாம். ஸ்மித்தின் சட்டையை ஏற்றுக்கொண்ட பிறகு அப்படி ஒதுக்குவது கஷ்டம்.

இனி ஷோரூமின் கண்ணாடிக் கதவுக்கு வருவோம். தருமபுரியிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் கர்நாடகத்துத் துமகூரில் 2022 ஜனவரியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். ஒரு விவசாயி தன் நண்பர்களோடு பிக்-அப் வண்டி வாங்கப் போகிறார். அவருடைய உடையையும் தோற்றத்தையும் பார்த்த விற்பனையாளர், பத்து லட்ச ரூபாய் வண்டி கேட்கிறாய், பாக்கெட்டில் பத்து ரூபாய்கூட இருக்காது என்கிற மாதிரி பேசியதாகச் செய்திகள் வந்தன. ஒரு மணி நேரத்தில் பணம் கொண்டுவந்தால் இன்றைக்கே வண்டி தருவாயா என்று கேட்டுவிட்டு வெளியே போன விவசாயி, பத்து லட்சத்தோடு திரும்பி வந்தார். வண்டியை அன்றைக்கே கொடுக்க முடியாமல் போனது, காவல் நிலையம்வரை விஷயம் போனது, மன்னிப்பு கேட்டார்கள். தனிமனிதரின் கண்ணியம் பற்றி நிறுவனத் தலைவர் ட்விட்டரில் எழுதினார். வீடியோவைப் பார்த்து நாடே கைதட்டியது.

அந்த விவசாயி கேட்டது சொகுசு கார் இல்லை. வேலைக்கான வண்டி. "எதுக்கு?" என்று கேட்டிருந்தால் அவரிடம் குறை சொல்ல முடியாத பதில் இருந்தது. ஆனாலும் தேவை அவரைக் காப்பாற்றவில்லை. ரொக்கம்தான் காப்பாற்றியது. நாம் கைதட்டியதும் அந்த ரொக்கத்துக்குத்தான். ஒரு நிமிஷம் இப்படி யோசித்துப் பாருங்கள். அவர் பாக்கெட்டில் நிஜமாகவே பத்து ரூபாய்தான் இருந்தது, சும்மா விலை கேட்டுவிட்டுப் போக வந்தார் என்றால்? அப்போது அந்த விற்பனையாளர் பேசியது சரியாகிவிடுமா? ஆகாது. ஆனால் அந்த வீடியோவை யாரும் பகிர்ந்திருக்க மாட்டோம். பணம் இருப்பவனுக்குத்தான் மரியாதை என்பது விற்பனையாளரின் விதி. பத்து லட்சத்தை எடுத்து வைத்தபோது விவசாயி அந்த விதிக்கு உட்பட்டு ஜெயித்தார். விதி அப்படியே இருந்தது. எதிரே நின்ற விற்பனையாளரும் அநேகமாக பைக்கில் வேலைக்கு வந்து, மாசத்துக்கு இத்தனை வண்டி என்ற டார்கெட்டோடு மல்லுக்கட்டுகிறவர்தான் என்பதையும் மறக்க வேண்டாம். தன்னால் வாங்க முடியாததை விற்கிறவருக்கு, யாரால் வாங்க முடியும் என்று எடைபோடுவதே தொழிலாகிவிடுகிறது.

புதுக் கார் வாங்குவதில் இருக்கும் அறச்சிக்கல் இங்கேதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அது எனக்கு விதிவிலக்கைத் தருகிறது. விதியை அது தொடுவதில்லை.

இந்த விதி எவ்வளவு பழையது என்பதற்கு நம் வரலாற்றில் போதுமான சாட்சி இருக்கிறது. 1930இல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் தலித்துகள்மேல் எட்டுத் தடைகள் விதித்தார்கள். அடுத்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி அணியக் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. வெயிலானாலும் மழையானாலும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. அந்தக் குடையையும் செருப்பையும் அவர்கள் யாரிடமும் திருடவில்லை, கடனும் கேட்கவில்லை. தங்கள் காசில் வாங்கியதை யார் கண்ணிலும் படும்படி பயன்படுத்தக் கூடாது என்பதுதான் தடை. 1936இல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்துச் சக்வாரா கிராமத்தில், யாத்திரை போய்வந்த ஒரு தலித் தன் சொந்த மக்களுக்கு நெய் ஊற்றி விருந்து வைத்தார். நூற்றுக்கணக்கானவர்கள் தடியோடு வந்து சாப்பாட்டை நாசம் செய்து, சாப்பிட்டவர்களை அடித்துத் துரத்தினார்கள். 'சாதியை அழித்தொழித்த'லில் அம்பேத்கர் இதைச் சொல்கிறார். நெய் அவருடைய காசு. சாப்பிட்டவர்கள் அவருடைய விருந்தாளிகள். ஆனாலும் நெய் உங்களுக்கு எதுக்கு என்ற கேள்வி தடியோடு வந்தது.

அம்பேத்கரிடமே வண்டி சம்பந்தப்பட்ட ஓர் அனுபவம் உண்டு. 1929இல் சாலிஸ்காவ் ரயில் நிலையத்தில் இறங்குகிறார். பாரிஸ்டர், அரசுக் குழு ஒன்றின் உறுப்பினர். ஊர் தலித் மக்கள் அவரை அழைத்துப்போகக் குதிரை வண்டி பேசுகிறார்கள். வண்டிக்காரர்கள் தீண்டத்தகாதவரை ஏற்றி ஓட்ட மாட்டோம் என்கிறார்கள். கடைசியில் வண்டியை மட்டும் வாடகைக்குத் தர ஒப்புக்கொள்கிறார்கள். ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் ஓட்டுகிறார், பாலத்தில் விபத்து, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டுக் கால் எலும்பு முறிகிறது. பணமும் இருந்தது, வண்டியும் இருந்தது. 'ஏறுங்கள்' என்று சொல்ல ஓர் ஆள் இல்லை. சொந்தமாக ஒரு சாவி கையில் இருப்பது சிலருக்கு என்னவாக இருக்கும் என்பதை இந்தச் சம்பவத்தை வைத்துத்தான் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. அது வேகமோ சொகுசோ கிடையாது. யாரிடமும் கேட்காமல் கிளம்பலாம் என்கிற நிம்மதி.

இதெல்லாம் பழைய கதை என்று எங்கள் மாவட்டத்துக்காரர் யாரும் சொல்லிவிட முடியாது. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தை அடுத்துப் பெண்ணின் தந்தை தற்கொலை செய்துகொண்டதைத் தொடர்ந்து, நாயக்கன்கொட்டாய் பக்கத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. அங்கிருந்த பலரும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துச் சேர்த்தவர்கள். எரிந்தவை அவர்களுடைய பீரோ, டிவி, பைக், சான்றிதழ்கள். அந்தக் காலகட்டத்திலேயே ஓர் அரசியல் தலைவர் தலித் இளைஞர்களின் ஜீன்ஸையும் டீ-ஷர்ட்டையும் கூலிங் கிளாஸையும் குற்றச்சாட்டாகவே பொதுவெளியில் அடுக்கினார். 1930இல் குடை, 1936இல் நெய், 2012இல் ஜீன்ஸ். பொருள் மட்டும்தான் மாறுகிறது. அதனால் ஒருவர் தன் சம்பாத்தியத்தில் பளபளவென்று ஒரு வண்டி வாங்கி வாசலில் நிறுத்தும்போது, 'நுகர்வு மோகம்' என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ள என்னால் முடிவதில்லை. சில வாசல்களில் பகட்டு என்று தெரிவது வேறு சில வாசல்களில் நெடுநாள் தடை ஒன்று நீங்கியதன் அடையாளம்.

ஆனால் இதோடு கட்டுரையை முடித்துக்கொண்டால் அது பாதி உண்மைதான். அதே காரின் பின்கண்ணாடியில் சாதிப் பெயரைக் கொட்டை எழுத்தில் ஒட்டிக்கொண்டு போகிறவர்களும் இதே தருமபுரி ரோட்டில்தான் போகிறார்கள். மரியாதைக்கான ஆசை எவ்வளவு சுலபமாக அடுத்தவரை மிதிக்கும் ஆசையாக மாறும் என்பதற்குக் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்திலிருந்து ஓர் உதாரணம் போதும். 2021 ஜூனில் ஓர் ஆயுர்வேத மருத்துவ மாணவி கணவர் வீட்டில் இறந்தார். வரதட்சணையாகத் தந்த கார் தனக்குப் பிடித்த மாதிரி இல்லை என்பது கணவர் அவரைக் கொடுமைப்படுத்தச் சொன்ன காரணங்களில் ஒன்று. 2022 மே மாதம் விசாரணை நீதிமன்றம் கணவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. அதுவும் புதுக் கார்தான். அதற்கும் மாலை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து எடுத்திருப்பார்கள். தன் பெருமைக்கான விலையை இன்னொரு வீட்டுத் தகப்பனைக் கட்டவைத்தார்கள்.

நம் வீடுகளிலும் இதன் சின்ன வடிவங்கள் உண்டு. காருக்கு முன்பணம் கட்ட அம்மாவின் வளையல் அடகுக்கடைக்குப் போகிறது. தங்கச்சி பெயரில் போட்ட சீட்டை முதலில் எடுத்துக்கொள்கிறோம். "ஒரு வருஷத்துல திருப்பிடலாம்மா" என்கிறோம். முதல் ஓனர் என்ற அந்த 'ஒன்று' என்னுடையதாக இருக்க, வீட்டில் இன்னொருவர் எப்போதும் ரெண்டாவதாகவே இருக்க வேண்டும் என்றால், அது விடுதலையா? நாம் எதிலிருந்து தப்பி வந்தோமோ அந்த வரிசையில் அவரை நிறுத்திவிட்டு வருகிறோம்.

ஸ்மித்தின் சட்டைக்கும் காருக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. எல்லோரும் சட்டை போட்டுக்கொண்டால் யாருக்கும் கூச்சமில்லை. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கார் வைத்திருக்கும் வீடுகள் நூற்றுக்கு எட்டைவிடக் குறைவு. தொண்ணூற்றிரண்டு வீடுகளில் இல்லாத ஒன்றைச் சட்டை என்று எப்படிச் சொல்வது? அது ஒரே நேரத்தில் சட்டையாகவும் இருக்கிறது, கிரீடமாகவும் இருக்கிறது. வாங்குகிற நிமிஷத்தில் எது என்று வாங்குகிறவருக்கே சரியாகத் தெரியாது. பிறகு அவர் நடந்துகொள்வதில்தான் அது தெரியவரும்.

ஆகவே புதுக் கார் வாங்குவது சரியா தப்பா என்ற கேள்விக்குப் பதிலாக வேறு ரெண்டு கேள்விகளை வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஒன்று, இதற்கான விலையை நானே கட்டுகிறேனா, அல்லது வாயில்லாத யாரோ ஒருவர் கட்டுகிறாரா? ரெண்டு, இது கைக்கு வந்த பிறகு நான் யாருடைய கண்ணாடிக் கதவாக மாறப் போகிறேன்? முதல் கேள்விக்குக் கணக்கு நோட்டு போதும். ரெண்டாவது வருஷக்கணக்கில் கூடவே வரும். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த கால்களுக்கு ஏசி காற்று பட்டதும், நின்றுகொண்டு வருகிறவர்களைப் பற்றிய நம் பேச்சு மாறுகிறதா? ராத்திரி ரெண்டு மணிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணுக்கு வலி எடுத்து, தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக வண்டி கேட்டால், சீட் கவர் நினைவுக்கு வருகிறதா? வந்தால் அதில் பெரிய பாவமில்லை, மனுஷருக்கு வரக்கூடியதுதான். வந்த பிறகும் சாவியை எடுக்கிறோமா என்பதுதான் விஷயம்.

என் அண்ணன் வண்டியை எடுத்துவிட்டார். டிஎன் 29 என்று தொடங்கும் நம்பர். ஆர்சியில் ஓனர் நம்பர் ஒன்று; பேங்கின் பெயரும் அதிலேயே இருக்கிறது, கடைசித் தவணைவரை இருக்கும். கடன் அடைகிறவரைக்கும் பேங்கும் பாதி ஓனர்தான் என்று அவரே சொல்லிச் சிரிக்கிறார். அந்த வண்டி அவருக்கு மரியாதை வாங்கித் தந்ததா என்று கேட்டால், ஷோரூமில் காபி கொடுத்து 'சார்' என்றார்கள், அவ்வளவுதான். மரியாதையை ஏழு வருஷத் தவணையில் வாங்க முடியாது என்பது அவருக்கும் தெரியும். முதல் ஆளாக இருப்பது எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. இனி அதற்காக யாரிடமும் சண்டை போட வேண்டியதில்லை. அந்த நிம்மதி ஒருவரைக் கொஞ்சம் தாராளமாக்கவும் செய்யலாம்.

விதி நம் ஒருவரால் மாறிவிடாது. ஆனால் அந்த விதி நம் வாய் வழியாகவும்தான் பேசுகிறது என்பதால், அங்கே அதை நிறுத்திப் பார்க்கலாம். அடுத்து நம் தெருவில் யாராவது முதல்முறையாக ஒன்றை வாங்கி நிறுத்துவார்கள். காராக இருக்கலாம், தவணையில் எடுத்த பைக்காக இருக்கலாம், ஒரு வாஷிங் மெஷினாகக்கூட இருக்கலாம். அன்றைக்கு "எதுக்கு?" என்று நாக்கு நுனிவரை வரும். அதை விழுங்கிவிட்டு, மூன்று தலைமுறையாக வைத்திருப்பவர்களிடம் கேட்பதையே அவர்களிடமும் கேட்போம்: "எந்த மாடல்?"